துண்டுக்குள் கை

விமானத்துக்குத் தான் எங்கே நின்றுகொண்டிருக்கிறோம் என்று தெரியவில்லையாம். இதைச் சொல்ல ஒரு மணியோசை, அப்புறம் இங்கிலீஷில் ஒரு தடவை, அப்புறம் என்னைப் போன்றவர்களுக்காக இரக்கப்பட்டுத் தமிழில் ஒரு தடவை. வழி காட்டுகிற கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, ஒன்று ஓர் இடத்தைச் சொல்கிறது, இன்னொன்று வேறோர் இடத்தைச் சொல்கிறது, எது சரி என்று முடிவாகிற வரைக்கும் புறப்பட முடியாது, வருந்துகிறோம். கோயமுத்தூரில் நிற்கிறாய் அப்பனே, கோயமுத்தூரில். ஜன்னலுக்கு வெளியே பீளமேட்டு வெயில் காய்கிறது, என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்ட டிரைவருக்குத் தெரியும், இடுப்பைத் தடவிச் சோதித்த போலீஸ்காரருக்குத் தெரியும், உனக்கு மட்டும் தெரியாதா. ஒரு மாடு வாங்குவதென்றால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், மடியை அமுக்கிப் பார்க்கிறோம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறோம், அதற்குப் பிறகுதான் கயிற்றில் கை வைக்கிறோம். இவ்வளவு பெரிய சாமானை, ஜனங்களை ஏற்றி உட்காரவைத்து வாரைக் கட்டச் சொல்லிய பிறகா பார்ப்பது? இதைத்தான் எழுந்து நின்று கேட்டேன். கேட்டது கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். என் குரல் அப்படி. சந்தையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல், அதற்கு இந்தக் குழாய்க்குள் இடம் போதவில்லை. "ஏம்மா, இறக்கி உடு என்னைய, நான் பஸ்ஸுல போயிக்கறேன்" என்றேன். அந்தப் பொண்ணு, சிவப்புச் சாயம் பூசிய உதட்டோடு, சிரிப்பு மாறாமல், "சார், இந்தக் கருவியைச் சரிபண்ணணும்னா விமானம் கொஞ்ச நேரம் அசையாம நிக்கணும், அப்பத்தான் தான் எங்க இருக்கோம்னு அதுக்குப் பிடிபடும், நீங்க நடந்தீங்கன்னா ஆடும் சார், உக்காருங்க" என்றாள். நான் நடந்தால் விமானம் ஆடுமா? என்னை உட்கார வைக்கச் சொன்ன பொய்யாக இருக்கும். பொய் என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். இருந்தாலும் யார் கண்டது.

பக்கத்து சீட்டில் ஓர் அம்மா. உடுமலைக்காரர், பெயர் ருக்மணியாம், பம்பாயில் மகன் வீட்டுக்கு முதல் தடவையாக விமானத்தில் போகிறாராம், நான் கேட்காமலே சொன்னது. நான் உட்கார்ந்ததும் மெல்ல, "ஏனுங்ணா, நீங்க கத்துனா அது எந்திரிச்சுப் பறந்துருமாக்கு?" என்றார். "பறக்காதுங்க. ஆனா கத்தாம இருந்தா மட்டும் பறக்குதா?" என்றேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏசி காற்று மண்டையில் இறங்குகிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். இந்தத் துண்டு இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. காலையில் என் மருமகள்கூடச் சொன்னாள், "ஏர்ப்போர்ட்டுக்குப் போறீங்க மாமா, துண்டு எதுக்கு, அழகா பேன்ட்டு போட்டிருக்கீங்க" என்று. துண்டு எதுக்காம். அவள் சாப்பிடுகிற சோறு இந்தத் துண்டுக்கு அடியில்தான் விளைந்தது. இப்போது தீவனக் கம்பெனி, குடோன், லாரி, வாசலில் காவல்காரன், எல்லாம் இருக்கிறது, திருமலைசாமி முதலாளி என்கிறார்கள். முதலில் இருந்தது ஒரு துண்டும் ஒரு கையும்தான். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை. அந்த இன்னொரு கைதான் இப்போது பம்பாயில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

நாச்சிமுத்து. மாப்ள. எத்தனை வருசமாக மாப்ள என்கிறேன் என்று எனக்கே தெரியாது, உறவு ஒன்றும் கிடையாது, சந்தையில் வந்த உறவுதான். போன வருசம் அவனுக்கு மூளையில் ரத்தம் அடைத்து வாய் போனது. வலது கையும் சேர்ந்து போனது. ஊரில் தனியாக இருக்க முடியாது என்று மகள் கவிதாமணி பம்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரே மகள், நல்ல பொண்ணு, பாங்க்கில் வேலை. வாய் போனவன் வாய் போனதோடு விட்டானா, சர்க்கரை ஏறி இடது காலில் புண் வந்து, புண் கறுத்து, கறுப்பு மேலே ஏறுகிறது. காலை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். முட்டிக்கு மேலே. எடுக்காவிட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறிப் போய்ச் சேர்ந்துவிடுவான், எடுத்தால் பிழைக்கலாம், ஆனால் இருதயம் பலமில்லை, மேஜையிலேயே போனாலும் போகலாம். முட்டிக்குக் கீழே எடுக்கக் கூடாதா என்று கேட்டாளாம். எடுக்கலாம், ஆனால் ஆறுமா என்று சொல்ல முடியாது, மேலே எடுப்பதுதான் எனக்குத் தைரியம் என்றாராம். எதுவானாலும் இன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். கவிதாமணி கையெழுத்துப் போட்டால் போதும். அவள் போட மாட்டேன் என்கிறாள். நேற்று போனில் அழுதுகொண்டே சொன்னாள். "அவரு காலு மாமா. அவரைக் கேக்காம நான் எப்புடி வெட்டச் சொல்றது. எதைக் கேட்டாலும் தலையாட்டறாரு. எடுக்கட்டுமாப்பான்னா ஆட்டறாரு, வேண்டாமாப்பான்னாலும் அதே மாதிரி ஆட்டறாரு. சரி, நெனவு இருக்கான்னு பாக்க டாக்டர் கையைப் புடிச்சு அமுத்துங்கன்னாரு, கையை இழுத்துக்கறாரு. நான் புடிச்சாலும் இழுத்துக்கறாரு மாமா. நீங்களும் அவரும் சந்தையில கையிலயேதான பேசுவீங்க? நீங்க வந்து கேட்டுச் சொல்லுங்க மாமா, நீங்க கேட்டா சொல்லுவாரு."

கையை இழுத்துக்கறாரு. இது நேற்றிலிருந்து தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடியற்காலை முதல் உச்சிவெயில் வரைக்கும் நின்றவன், கையைக் கொடுத்தால் இழுத்துக்கொள்கிறானா? ஏன்? வலிக்கிறதோ. அது இடது கை, அதில் வலி இல்லை என்றாளே. கோபமோ. அவனுக்குக் கோபம் வராது, எனக்குத்தான் வரும். நான் கத்துவேன், அவன் என் பின்னால் நின்று எதிராளியைப் பார்த்துச் சிரிப்பான். "அவன் கெடக்கறானுங்க, ராத்திரி வயித்துக்கு ஆகல" என்பான். என் கோபத்துக்கெல்லாம் என் வயிற்றைக் காரணம் சொல்லியே ஊரை நம்பவைத்தவன். மறுபடி மணியோசை. கருவியைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்களாம், பொறுமைக்கு நன்றியாம். பொறுமையை யார் கொடுத்தார்கள் உனக்கு நன்றி சொல்ல. இந்நேரம் பாதி வழி போயிருக்க வேண்டும். இந்நேரம் மேகத்துக்கு மேலே இருக்க வேண்டும். பம்பாய்ப் போக்குவரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே நேரம் ஆகும் என்றாள் கவிதாமணி. சாயங்காலம் என்றால் எத்தனை மணி? டாக்டர்களின் சாயங்காலம் நாலா, ஆறா? கேட்காமல் விட்டேனே. எதையும் கேட்டு உறுதி பண்ணாமல் காலெடுத்து வைக்காதவன் இதைக் கேட்காமல் விட்டேன்.

ஏன் விட்டேன்? இதை யோசிக்க வேண்டாம். வேறு எதையாவது யோசிப்போம். அந்தக் கருவி அசையாமல் நின்றால்தான் தன் இடம் பிடிபடும் என்றாளே விமானப் பொண்ணு, அதை யோசிப்போம். நான் ஒரு நாளும் அசையாமல் நின்றதில்லை. நின்றால் மிதிப்பார்கள். சந்தைக்கு நான் வந்தபோது எனக்கு ஆள் கிடையாது, அப்பன் பேரைச் சொன்னால் கடன்காரன் மகனா என்பார்கள், மாட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்து எழுந்து, பிறத்தியார் மாட்டைக் குளிப்பாட்டி, சாணி அள்ளி, அடி வாங்கி, அடி கொடுத்து, எப்படியோ கையில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு முதல் மாடு வாங்கப் போனேன். செவலைக் கறவை. மினுமினுவென்று இருந்தது, அதைப் பார்த்ததும் கண்ணை எடுக்க முடியவில்லை. விற்கிறவன் பக்கம் தரகனாக வந்தவன் நாச்சிமுத்து, அவனும் என் வயசுதான், மீசை சரியாக முளைக்கவில்லை. சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். சுற்றி நூறு காது நிற்கும். துண்டைக் கையின் மேல் போட்டுக்கொண்டு, அதற்கு அடியில் ஒருத்தன் விரலை ஒருத்தன் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, மொத்தக் கையையும் பிடித்தால் ஐந்து, விரலின் நடுக்கணுவில் பிடித்து அமுக்கினால் அரை. ஆயிரமா பத்தாயிரமா என்பதை மாட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். விலை படிந்தால் கையை மூடி இறுக்குவான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வான், அவ்வளவுதான், முடிந்தது. நான் மூன்று விரலைப் பிடித்தேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விற்கிறவன் பக்கத்திலேயே நிற்கிறான். துண்டுக்கு அடியில் நாச்சிமுத்து என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். மடக்கி, என் உள்ளங்கைக்குள்ளேயே வைத்து அழுத்தினான். எனக்குப் புரியவில்லை. மறுபடி நீட்டினேன். மறுபடி மடக்கினான், இந்தத் தடவை நகம் பதிகிற மாதிரி. வாங்காதே, உன் கையில் இருப்பதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போ. வாயில் மட்டும் சத்தமாக, "இந்த வெலைக்கு ஆவாதுங்க, வேற பாருங்க" என்றான். அந்த மாட்டுக்கு மடியில் நோய் இருந்தது, அடுத்த வாரமே படுத்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அவன் தரகை விட்டுக்கொடுத்து, முன்பின் தெரியாத என் விரலை மடக்கினான். அதிலிருந்து மாப்ள.

அதுதான். அந்த மடக்குதல்தான். நான் போய் அவன் கையைப் பிடிப்பேன், காலைக் குடுக்கறயா மாப்ள என்று கேட்பேன், அவன் என் விரலை ஒவ்வொன்றாக மடக்கி என் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்திவிட்டால்? வேண்டாம், வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டால்? அதை நான் கவிதாமணியிடம் எந்த வாயால் சொல்வேன். என் வாய் பொய் சொல்லும். சொல்லியிருக்கிறது. பல்லு தேய்ந்த கிழட்டு மாட்டை இளசு என்று சொல்லியிருக்கிறது, அதிகாரியிடம், பாங்க் மேனேஜரிடம், சம்சாரத்திடம் எல்லாம் சொல்லியிருக்கிறது, அதற்காக எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் துண்டுக்குள் கை சொன்னதை வாய் மாற்றிச் சொல்லக் கூடாது. சொன்னவன் அன்றோடு சந்தைக்கு வெளியே. யாரும் அவன் துண்டுக்குள் கை நீட்ட மாட்டார்கள். நாச்சிமுத்து வேண்டாம் என்று மடக்கிவிட்டு, நான் வெளியே வந்து, "எடுக்கச் சொல்றாரு அம்மணி, கையெழுத்துப் போடு" என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? அவனுக்குத் தெரியும். அவன் வாயில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். ஒரு கால் இல்லாமல் எனக்காக உயிரோடு இருப்பான். நான் எழுந்து கத்தியபோது, இறக்கி விடு என்று இந்த விமானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியபோது, உள்ளே ஒருத்தன் கைகட்டிக்கொண்டு, லேட்டாகட்டும், இன்னும் லேட்டாகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சாயங்காலம் எத்தனை மணி என்று கேட்காமல் விட்டவனும் அவன்தான். நேரம் தாண்டிவிட்டால் டாக்டர் பார்த்துக்கொள்வார், கவிதாமணி கையெழுத்துப் போட்டுவிடுவாள், நான் போய் மாலையோ பழமோ எது வேண்டுமோ அதை வாங்கிக்கொண்டு நிற்பேன், விமானக் கோளாறு, நான் என்ன செய்ய என்பேன். இரண்டு கருவி, இரண்டு இடம். வாயில் ஓர் இடத்தில் நிற்கிறேன், வயிற்றில் வேறோர் இடத்தில் நிற்கிறேன்.

தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் என்று சொல்லி ஒரு மிடறு. சிவப்பு உதட்டுப் பொண்ணு எனக்குக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று நீட்டினாள். இரண்டாவது கேட்டேன், கொடுத்தாள். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டேன். முன் வரிசையில் ஒரு குழந்தை அழுகிறது, அதன் அப்பன் போனில் படம் காட்டுகிறான், அது படத்தைப் பார்த்துக்கொண்டே அழுகிறது. கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பெட்டியோடு ஏறி, ஓட்டுகிறவரின் அறைக்குள் போனார்கள், திரும்பவில்லை. நான் அசையாமல் இருந்து பார்த்தேன். சும்மா, இருந்துதான் பார்ப்போமே என்று. அசையாமல் இருந்தால் காது திறக்கிறது. பக்கத்தில் ருக்மணியம்மாவின் உதடு முணுமுணுக்கிறது. சத்தம் வரவில்லை. சேலைத் தலைப்புக்கு அடியில் ஏதோ மெல்ல ஊர்கிறது, விரல், கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. "என்னங்க எண்றீங்க?" என்றேன். வெட்கப்பட்டார். "சாமி பேருங்ணா. பயமா இருக்குதுல்ல. பயத்துல எண்றேன்." "அதுக்கு எதுக்குங்க தலைப்பால மூடிக்கணும்? யாரு புடுங்கிக்கப் போறா?" "அய்யோ, தெறந்து வெச்சு எண்ணக் கூடாதுங்ணா. எங்க வீட்டுல அப்புடித்தான் பழக்கம். தெறந்திருந்தா எனக்கு எண்ணவே வராது, வெரலு நின்னுக்கும்."

வெரலு நின்னுக்கும். தண்ணீர் கையில் கொட்டிவிட்டது. கொட்டட்டும். அட மடையா. திருமலைசாமி, மடையா. நேற்றிலிருந்து தொண்டையில் நிற்கிற முள் இதுதானே. டாக்டர் கையைப் பிடித்தார், வெறும் கையை. நர்சுகள் பிடித்தார்கள், விளக்கு வெளிச்சத்தில், நாலு பேர் சுற்றி நிற்க. மகள் பிடித்தாள், வெறும் கையை. வாழ்நாளெல்லாம் துண்டுக்கு அடியில் தவிர ஒருத்தனிடமும் கை பேசாதவன், நாலு பேர் பார்க்கத் திறந்த கையை நீட்டிப் பேசு என்றால் பேசுவானா? திறந்த கையில் விலை பேசுகிறவன் புத்திகெட்டவன் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். இழுத்துக்கொள்ளாமல் என்ன செய்வான்? நினைவு தப்பியதால் இழுக்கவில்லை, நினைவு இருப்பதால் இழுக்கிறான். அவன் உள்ளே உட்கார்ந்து, இவனுக எவனுக்கும் முறை தெரியலையே என்று எரிச்சல்பட்டுக்கொண்டு இருக்கிறான். அப்படியானால் நான்தான் போக வேண்டும் என்பதில்லை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு துணி போதும். இப்போதே கேட்கலாம். இப்போதே என்றதும் கை போனை எடுக்கவில்லை. போன் சட்டைப் பையில் இருக்கிறது, கை மடியில் துண்டுக்கு அடியில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். இப்போது கூப்பிட்டால் இப்போதே பதில் வரும். நான் பக்கத்தில் இல்லாமல், அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் விரல் மடக்குவதைக் கவிதாமணி எனக்குச் சொல்வாள், அது என்ன என்று நான் அவளுக்குச் சொல்ல வேண்டும். கூப்பிடாமல் இருந்தால் விமானத்தின் மேல் பழி. ருக்மணியம்மா தன் முந்தானையால் என் சட்டை முன்கையில் சிந்திய தண்ணீரைத் துடைக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்குங்ணா ஒடம்பு செரியில்ல?" என்றார். நான் யாருக்கும் உடம்பு சரியில்லை என்று சொல்லவே இல்லை. "எப்புடித் தெரியும்?" என்றேன். "சும்மா போறவங்க இப்புடிக் கத்த மாட்டாங்க." போனை எடுத்தேன்.

"மாமா, ஏறிட்டீங்களா, கெளம்பிருச்சா?" என்றாள் கவிதாமணி. "கெளம்பல. அம்மணி, நீ அப்பங்கிட்டத்தான இருக்கற? தொணி ஏதாச்சும் இருக்குதா?" "என்னது மாமா?" "துணி, துணி. துண்டு. ஒரு துண்டு." "உள்ள ஒண்ணும் விட மாட்டாங்க மாமா. போர்வைதான் இருக்கு." "போர்வை ஆகாது, அது அவன் மேல கெடக்கறது, அவனுக்குத் தெரியாது. உன்ற மேல என்ன போட்டிருக்கற?" "சுடிதாரு. துப்பட்டா இருக்கு." "அதை எடு. அவனோட எடது கை மேல போடு. உன்ற கையை அடியில உடு. வெளிய ஒரு நகங்கூடத் தெரியக் கூடாது. கையைப் பாக்காத. அவன் மொகத்தையும் பாக்காத. சொவத்தைப் பாரு, மாட்டைப் பாக்கற மாதிரி." "மாமா, டாக்டர் நிக்கறாரு." "நிக்கட்டும். நாலு பேரு நிக்கத்தான் செய்வாங்க சந்தையில. உட்டயா?" துணி சரசரக்கிற சத்தம் கேட்டது. தூரத்தில் ஏதோ மெஷின் விட்டுவிட்டுக் கூவியது. "உட்டுட்டேன் மாமா." "இழுக்கறானா?" எனக்கு என் மூச்சுக் கேட்டது. "இல்ல மாமா." அழுகிற குரலில் சொன்னாள். "இழுக்கல. வெரலைத் தேடறாரு. மாமா, என்ற வெரலைத் தேடறாரு."

அந்தத் தேடலை நான் அறிவேன். முதலில் சுண்டுவிரலைத் தொட்டு, எதிராளியின் கை எவ்வளவு வேர்த்திருக்கிறது என்று பார்ப்பான். இங்கே, பீளமேட்டில், துண்டுக்கு அடியில் என் சுண்டுவிரல் தானாகத் தூக்கிக்கொண்டது. "இப்பக் கேளு" என்றேன். "வாயில கேளு, பதிலைக் கையில வாங்கு. அப்பா, காலை மேல வரைக்கும் எடுக்கோணும், எடுத்தாத்தான் உசுரு, குடுக்கறீங்களா மாட்டீங்களா. அழுவாம கேளு, அழுதா வெலை ஏறும்." கேட்டாள். அழாமல்தான் கேட்டாள், அப்பன் மகள்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மடக்கப் போகிறான். ஒவ்வொன்றாக மடக்கி உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தப் போகிறான், வேண்டாம் கண்ணு, வீட்டுக்குப் போ என்று. மடக்கினால் மடக்கினான் என்றே சொல்வேன். வாய் மாற்றாது. சாமி, வாய் மாற்றாமல் இருக்க வேண்டும். அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள், இந்தக் குழந்தை ஏன் அழுகையை நிறுத்திவிட்டது, சொல்லு அம்மணி, சொல்லு. "மாமா, ஒரு வெரலைப் புடிச்சிருக்காரு. ஆள்காட்டி வெரலை." "முழுசாவா?" "இல்ல. முழுசா இல்ல. நடுவுல. நடுக்கணுவுல புடிச்சு அமுத்தறாரு. நெம்ப அமுத்தறாரு மாமா, வலிக்குது. என்ன அது? வேண்டாங்கறாரா?"

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததிலிருந்து தெரிந்தது. சிரிப்பு வந்த இடத்திலிருந்தே வேறொன்றும் வந்தது, துண்டின் நுனியால் முகத்தை அழுத்திக்கொண்டேன். "அரைங்கறான் அம்மணி" என்றேன். "என்ன மாமா?" "அரை. பாதி. மேல வரைக்கும் குடுக்க மாட்டானாம், முட்டிக்குக் கீழ மட்டும்னா குடுக்கறானாம். வெலை பேசறான் அம்மணி, உங்கொப்பன் வெலை பேசறான்." சாகிற எண்ணம் உள்ளவன் எதற்குப் பேரம் பேசுகிறான். வேண்டாம் என்பவன் மடக்கிவிட்டுப் போய்விடுவான், நின்று அரை என்று அமுக்க மாட்டான். படுபாவி, டாக்டர் கேட்டதில் பாதியைக் குறைக்கிறான். எனக்கு இவனைத் தெரியாதா, தேங்காயைக்கூடச் சொன்ன விலைக்கு வாங்காதவன். "அப்படியே புடிச்சிரு, உடாத. டாக்டரைக் கேளு" என்றேன். அவள் இந்தியிலோ இங்கிலீஷிலோ படபடவென்று சொன்னாள். டாக்டர் ஏதோ சொன்னார், தணிந்த குரல், அதில் சிரிப்பில்லை. எனக்கு அந்த பாஷை தெரியாது, ஆனால் இழுத்துப் பேசுகிற மாதிரியில் தெரிந்தது, அவர் இறங்குகிறார். "மாமா, கீழ முயற்சி பண்றேங்கறாரு. தெறந்து பாத்தா சதை நல்லா இருக்கோணுமாம். நல்லா இல்லைன்னா அங்கயே மேல போயிருவாராம், அப்ப வந்து மறுபடி கேட்டுட்டு இருக்க முடியாதாம். இருதயத்துக்கு ஒண்ணும் உறுதி சொல்ல முடியாதுங்கறாரு. அதையும் சொல்லுங்கறாரு." "சொல்லு. ஒண்ணையும் மறைக்காத. இருதயத்தையும் சொல்லு. துண்டுக்குள்ள மறைக்கக் கூடாது." சொன்னாள். ஒவ்வொன்றாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், எதிரில் நிற்கிற வியாபாரிக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அவன் யோசிக்கிறான். அவசரப்படுத்தக் கூடாது. நான் எத்தனை பேரத்தை இந்த இடத்தில் கத்திக் கெடுத்திருக்கிறேன், இந்த இடத்தில்தான் அவன் என் காலை மிதிப்பான், பேசாதே என்று. பேசாமல் இருந்தேன். கால் கட்டைவிரல்கூட அசையாமல் இருந்தேன்.

"மூடிட்டாரு" என்றாள். "கையை மூடிட்டாரு மாமா, இறுக்கி. விட மாட்டேங்கறாரு." பிறகு, "அய்யோ" என்றாள். "என்ன, என்ன அம்மணி?" "விட்டுட்டாரு. துப்பட்டாவை இழுக்கறாரு. மாமா, உதறி, தோள்ல போட்டுக்கறாரு. என்ற பூப்போட்ட துப்பட்டாவை." அவளும் சிரித்தாள், அழுதாள், எது என்று பிரிக்க முடியவில்லை. "முடிஞ்சுது அம்மணி. அவன் சொல்லிட்டான். போயிக் கையெழுத்துப் போடு. உள்ள கொண்டுட்டுப் போற வரைக்கும் அந்தத் துணியை அவன் தோள்லயே கெடக்க உடு." "நீங்க வர்றதுக்குள்ள கொண்டு போயிருவாங்க மாமா." "கொண்டு போவட்டும். நான் கதவுகிட்ட வந்து நிக்கறேன்." போனை வைத்த பிறகுதான், ஒரு வார்த்தை பேச அதை அவன் காதில் வைக்கச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. என்ன சொல்லியிருப்பேன். மாப்ள என்றிருப்பேன். அதற்குமேல் எங்களுக்குள் வாயால் பேச என்ன இருந்தது. நான் போய்ச் சேர்வதற்கு முன்னால் பேரம் படிந்துவிட்டது, படிந்த பேரத்துக்கு ஓடிவருகிற தரகனுக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் விலை படிந்ததோடு சரியா. படிந்த பிறகு வழியில் லாரியில் படுத்துவிட்ட மாடுகளை நான் பார்த்திருக்கிறேன். நடு ரோட்டில் இறக்கி, தண்ணி தெளித்து, வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தப் பார்த்து, நிறுத்த முடியாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். இவன் எழுந்து நிற்பானா, எதை ஊன்றி நிற்பான், அந்த டாக்டரின் கை நல்ல கையா. ஒன்றும் தெரியாது. அவன் என்ன சொன்னான் என்பது மட்டும் தெரியும்.

மணியோசை. இரண்டு கருவியும் இப்போது ஒரே இடத்தைச் சொல்கிறதாம், புறப்படுகிறோமாம். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பெட்டியோடு இறங்கிப் போனார்கள், கதவைச் சாத்தினார்கள். சிவப்பு உதட்டுப் பொண்ணு என்னிடம் வந்து, இந்தத் தடவை கிட்டே வந்து, "சார், போனை அணைச்சிருங்க" என்றாள். அணைத்தேன். "கத்துனதுக்கு மனசுல வெச்சுக்காத அம்மணி, ராத்திரி வயித்துக்கு ஆகல" என்றேன். அவள் என் வாரைச் சரிபார்த்துவிட்டுப் போனாள். விமானம் மெல்ல ஊர்ந்து, திரும்பி, ஓடுபாதையின் நுனியில் வந்து நின்று உறுமியது. ருக்மணியம்மாவின் முகம் வெளுத்துப்போய்விட்டது. சாமி பெயர் நின்றுவிட்டது, உதடு திறந்தபடி இருக்கிறது. என் மடியிலிருந்த துண்டை எடுத்து உதறி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கைப்பிடியின் மேல் விரித்தேன். அவர் என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். விமானம் ஓட ஆரம்பித்தது, ஜன்னல் எல்லாம் நடுங்கியது, தரை கீழே போன அந்தக் கணத்தில் துண்டுக்கு அடியில் ஒரு குளிர்ந்த கை வந்து என் மூன்று விரலைப் பிடித்துக்கொண்டது. அது என்ன விலை என்று அவருக்குத் தெரியாது. நான் நேரே பார்த்துக்கொண்டு, அசையாமல் இருந்தேன்.